வியாகுல மாதாவின் கூந்தல்

மாதாவின் தலையிலிருந்து கூந்தலைக் கழற்றும்போது ஆண்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. சாமியாருக்கும் இடம் கிடையாது. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு ஊர்ச்சபைப் பெண்கள் மட்டும் சுற்றி நிற்பார்கள். நிகானோராதான் கழற்றுவாள். கழற்றியதும் வியாகுல மாதாவின் தலை வெறும் மரமாக, காய்ச்சலில் கிடந்து எழுந்த பையனின் தலைபோலச் சின்னதாகத் தெரியும். அந்த ஒரு கணம் யாரும் பேசமாட்டார்கள். ஒருத்தி வெள்ளைத் துணியைப் போட்டு மூடிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கும். யாருடைய மாடு யாருடைய சோளத்தில் இறங்கியது, யாருடைய மகன் மரம் ஏற்றும் லாரியோடு போனவன் திரும்பவில்லை, இப்படி.

கூந்தலை மழைநீரில் அலசுவாள் நிகானோரா. வெயில் நேராக விழாத தாழ்வாரத்தில் விரித்து உலர்த்துவாள். பிறகு கூசிப் பனையின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே வாரிக்கொண்டு போவாள். ஒரு இழைகூட அறுந்துவிடக் கூடாது என்பதுபோல வாருவாள்.

“ஏண்டி நிகானோரா, கட்டின புருஷனுக்குக்கூட நீ இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்க மாட்டே” என்பாள் சபைப் பெண்களில் மூத்தவளான பர்பாரா.

“எனக்கு ஏது பெரியம்மா புருஷன்?”

“அதனாலதான் சொல்றேன். இருந்திருந்தா அவன் பாவம், இந்த முடியப் பாத்துப் பொறாமைப்பட்டே செத்திருப்பான்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நிகானோராவும் சிரிப்பாள். ஆனால் அது யாருடைய முடி என்பது மட்டும் அவள் முன்னால் யார் வாயிலிருந்தும் வராது. சான் பர்த்தோலோ ஊரில் நடக்கிற பிள்ளை முதல் நடக்க முடியாத கிழவர் வரை எல்லோருக்கும் தெரியும். அது அவளுடைய தங்கை தொமிங்காவின் முடி.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கியபோது, சாந்தா குரூஸ் நகரத்திலிருந்து வந்த லாரிக்காரன் ஒரு சேதி கொண்டுவந்தான். தொமிங்கா பரிசுத்த வாரத்துக்கு ஊருக்கு வருகிறாளாம். இளம் பெண்ணாக ஊரைவிட்டுப் போனவள். இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கின்றன. இடையில் ஒருமுறைகூட அவள் இந்தச் செம்மண்ணை மிதித்ததில்லை.

சேதியைக் கேட்ட நிகானோரா அடுப்பில் இருந்த மரவள்ளி அப்பத்தைக் கருகவிட்டாள். அவளுடைய அப்பத்துக்கு ஊரில் தனிப்பெயர், கருகியது அன்றைக்குத்தான். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மாதாவிடமிருந்து அந்த முடியைத் திரும்ப வாங்கித் தங்கையின் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்து, அவள் வாயிலிருந்து ‘சரி, விடு’ என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். சாவதற்குள் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

*

இருவருக்கும் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்பா மாட்டுப் பண்ணையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வந்து, உப்புக்கண்டத்தைக் கூரையில் தொங்கவிட்டுவிட்டு, பிள்ளைகளின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். தொமிங்காவை வளர்த்தது நிகானோராதான். அவளுக்குத் தலை வாரிவிட்டதும் அவள்தான்.

அப்படி ஒரு முடி. முழங்காலைத் தொடும். கருப்பு என்று சொன்னால் போதாது. மழைக்கு முந்தைய ஆற்றுத் தண்ணீரைப் போல உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிற கருப்பு. கோயிலுக்குப் போனால் கிழவிகள் தொட்டுப் பார்த்துத் தங்கள் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார்கள். “மாதாவுக்கு ஆகும் முடி” என்பார்கள். நிகானோராவின் முடி மெல்லியது, செம்பட்டை, தோளுக்குக் கீழே இறங்க மறுத்தது. அதை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அவளும் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்றுதான் பல வருஷம் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொமிங்கா பெரியவளாகிக் கல்யாணப் பேச்சு அடிபடத் தொடங்கிய வருஷம் ஊரில் காய்ச்சல் வந்தது. வலைத்தூளியில் கிடந்த தங்கைக்கு நினைவு தப்பிப்போனது. உதடு வெடித்து, கண் சொருகி, என்னென்னவோ பிதற்றினாள். கஷாயங்கள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஒரு மத்தியானம் நிகானோரா கோயிலுக்கு ஓடினாள். வெளியே அடித்த வெயிலில் கண் கூசி, உள்ளே மாதாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. இருட்டைப் பார்த்து முழங்காலிட்டுச் சொன்னாள்: “அவளப் பொழைக்க வெச்சுடு. அவ முடிய உனக்குத் தரேன்.”

இந்த ஊரில் மாதாவின் தலையில் இருப்பது எப்போதும் ஊர்ப்பெண்ணின் முடிதான். ஊரைக் கட்டிய சேசு சபைச் சாமியார்கள் காலத்திலிருந்து அப்படி. யாராவது ஒருத்தி நேர்ந்துகொள்வாள், கொடுப்பாள். பழையது நைந்துபோகும்போது இன்னொருத்தி. கொடுத்தவள் வீட்டில் அந்த வருஷம் சந்தோஷம். ஆனால் கொடுத்தவர்கள் எல்லாம் தங்கள் முடியை நேர்ந்துகொண்டவர்கள். நிகானோராவுக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. தன் முடியைத் தருகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தச் செம்பட்டையை எந்த மாதா வாங்கிக்கொள்வாள்?

தொமிங்கா பிழைத்தாள். எழுந்து உட்காரப் பலமில்லாமல் கஞ்சி குடித்துவிட்டுத் தூளியிலேயே தூங்கிக்கொண்டிருந்த நாட்கள். பரிசுத்த வாரம் நெருங்கிவிட்டது. ஒரு பகலில், வெளியே கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நிகானோரா கத்தரிக்கோலை எடுத்தாள். தூளிக்கு வெளியே தொங்கிய பின்னலைக் கையில் ஏந்தி, தலையோடு ஒட்ட வெட்டினாள். எழுப்பிச் சொன்னால் பலவீனத்தில் அழுவாள், காய்ச்சல் திரும்பிவிடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

தொமிங்கா கண் விழித்ததும் வழக்கம்போலப் பின்னலை முன்னால் எடுத்துப் போடக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். அந்தக் கை காற்றில் கொஞ்ச நேரம் தேடியது.

“அக்கா,” என்றாள். “எங்க?”

நிகானோரா சொன்னாள். நேர்ச்சை, மாதா, உயிர் எல்லாம் சொன்னாள். தொமிங்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நீ உன்னுதக் குடுக்கறதுதானே?” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளிப் பவனி முடிந்து, சில வாரங்களில், மரம் ஏற்றிய லாரி ஒன்றில் ஓட்டுநரின் மனைவிக்குத் துணையாகப் போகிறேன் என்று சொல்லித் தொமிங்கா ஏறினாள். அவ்வளவுதான்.

*

நிகானோரா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இல்லாமலும் இல்லை. பண்ணைக்காரன் ஒருவன் இரண்டு வருஷம் சுற்றினான். அவனுடைய அம்மா, “பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா வீட்டுல எப்பவும் யாரையோ எதிர்பாத்துக்கிட்டே உக்காந்திருக்கே” என்று சொன்னதாகப் பேச்சு. அப்பம் சுட்டு விற்றாள். சோளம் இடித்துச் சிச்சா பானம் காய்ச்சினாள். சபைப் பெண்களில் ஒருத்தியாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு, மாதாவின் கூந்தலைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஊர் அதைப் பக்தி என்றது.

வருஷாவருஷம் தாழ்வாரத்தில் அந்த முடியை மடியில் போட்டுக்கொண்டு வாரும்போது, அந்தப் பழைய மத்தியானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தங்கையின் உயிருக்காகத்தான் வாய் திறந்தாள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ‘அவ முடிய’ என்று சொன்னபோது உள்ளே, மிக உள்ளே, ஏதோ ஒன்று லேசாகச் சந்தோஷப்பட்டதா? அதைத்தான் அவளால் தீர்மானிக்க முடியவில்லை. சில வருஷம் இல்லை என்று தோன்றும். சில வருஷம் சீப்பு அப்படியே நின்றுவிடும்.

ஒருமுறை சாந்தா குரூஸுக்குப் போனாள். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் வரிசையில் தொமிங்காவைக் கண்டுபிடித்தாள். தங்கை ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டிய தலையோடு, உரத்த குரலில் யாரையோ வைதுகொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் வைவதை நிறுத்தி, முக்காலியை இழுத்துப் போட்டு, தட்டில் கட்டியை வெட்டி வைத்தாள். பாலாடைக்கட்டியைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி, அப்பாவின் சாவைப் பற்றி, மறுபடி பாலாடைக்கட்டியைப் பற்றி. அந்த ஒட்ட வெட்டிய தலையை நிகானோரா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் வளர்க்காமல் வைத்திருக்கிறாளே, என் கண்ணில் படுவதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

ஞாயிறு பூசை முடிந்து சபை கூடியபோது நிகானோரா எழுந்து நின்று தன் கோரிக்கையைச் சொன்னாள். அவள் சபையில் எழுந்து பேசுவது அதுதான் முதல் தடவை.

தலைவர் இலாரியோன் கைத்தடியைத் தரையில் தட்டினார். “மாதாவுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கறதா? சாமியார்கள் காலத்துலேருந்து இப்படி ஒரு வழக்கம் கிடையாதே.”

“சாமியார்கள் காலத்துல நீங்க இருந்தீங்களாக்கும்?” என்றாள் பர்பாரா. “உங்க மூஞ்சியப் பாத்தா இருந்திருப்பீங்கன்னுதான் தோணுது.”

“பர்பாரா, இது சிரிக்கிற விஷயம் இல்ல. இன்னைக்கு இவ முடியக் கேப்பா. நாளைக்கு ஒருத்தன் வந்து திருநாளுக்கு நேர்ந்துவிட்ட மாட்டத் திருப்பிக் குடுங்கம்பான்.”

“மாட்டத்தான் நீங்க எல்லாம் சேந்து தின்னுட்டீங்களே, எதத் திருப்பிக் கேப்பான்?”

பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. இலாரியோனும் மீசைக்குள் சிரித்தார். அது அடங்கியதும் பர்பாரா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அது அவ முடி இல்ல தலைவரே. தங்கச்சி முடி. தங்கச்சி நேர்ந்துக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல. நம்ம எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இத்தன வருஷமும் முட்டி போட்டோம்.”

இலாரியோன் கைத்தடியின் வெள்ளிப்பூணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், “மாதா மொட்டையா நிக்கக் கூடாது” என்றார். “வேற முடி வந்தா, பழையத எடுத்துக்கிட்டுப் போ.”

அந்தத் தவக்காலம் முழுவதும் நிகானோரா பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் நின்றாள். முன்னால் நிற்கிற பெண்களின் பின்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது குட்டை, இது பத்தாது, இது பரவாயில்லை. ஒப்புக்கொடுக்கும் மணி அடிப்பதுகூடக் காதில் விழவில்லை.

அப்போதுதான் மேலத்தெரு ரோசெந்தாவின் கைப்பிள்ளையைப் பாம்பு கடித்தது. ரோசெந்தா மாதாவிடம் ஓடினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து அவள் வாழையிலையில் சுற்றி ஒரு பின்னலைக் கொண்டுவந்தாள். அவளுடைய மூத்த மகள் யோலாவின் முடி. நீளம், கொஞ்சம் தவிட்டு நிறம், கடைச் சோப்பின் பூமணம்.

நிகானோரா ரோசெந்தாவின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். “நல்ல நேரத்துல கொண்டுவந்தே மகளே, நல்ல நேரத்துல கொண்டுவந்தே” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ரோசெந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள்.

*

தொமிங்கா திங்கட்கிழமை வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சத்தம். “என்ன ரோடுய்யா இது, என் குடலெல்லாம் இடம் மாறிப்போச்சு. டேய் தம்பி, அந்தப் பெட்டியத் தூக்கிப் போடாதே, உள்ள பாலாடைக்கட்டி இருக்கு, உன்னவிட வெல அதிகம்.” நரைத்துப்போன ஒட்டவெட்டுத் தலை. வீங்கிய கணுக்கால்கள். அக்காவைக் கட்டிப்பிடித்து, “எலும்பா ஆயிட்டியே, உன்ன ஊர்க்காரங்க பட்டினி போடறாங்களா?” என்றாள்.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். தூளி கட்டியிருந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். வாசலில் வயிறு பருத்த தொபரோச்சி மரம் பூத்து இளஞ்சிவப்பாக நின்றது. “இவ மட்டும் அப்படியே இருக்கா. வயிறுதான் என்ன மாதிரி” என்றாள்.

இரண்டு நாள் ஊரெல்லாம் அவளைப் பார்க்க வந்தது. நிகானோராவுக்கு நேரமே வாய்க்கவில்லை. வாய்த்தபோதெல்லாம் தைரியம் வாய்க்கவில்லை. புதன்கிழமை பின்மத்தியானம் தொமிங்கா கொல்லைப்பக்கம் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தபோது, மாதாவின் தலையை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு எடுத்துவந்திருந்த துணிச்சுருளை நிகானோரா அவள் மடியில் வைத்தாள்.

“என்னது?”

“உன்னுது.”

தொமிங்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். மடியிலிருந்து முடி வழிந்து மண்ணைத் தொட்டது. அவள் கண்கள் அகலமாயின.

“அடியம்மா! இவ்வளவா இருந்துச்சு எனக்கு?” ஒரு பிடியை எடுத்து எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்தாள். “குதிரைக்கு இருக்கற மாதிரி இல்ல இருக்கு. கழுத்து வலிக்காம எப்படித் தூக்கிட்டுத் திரிஞ்சேன்?”

“சபையில கேட்டு வாங்கினேன். இது மாதாவுதும் இல்ல, என்னுதும் இல்ல. நான் உங்கிட்டக் கேட்டிருக்கணும் தொமிங்கா. கேக்காம எடுத்தது தப்பு.”

தொமிங்கா முடியைச் சுருட்டித் துணியில் வைத்துவிட்டு, கிழங்கையும் கத்தியையும் மறுபடி எடுத்தாள்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன்” என்றாள்.

நிகானோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

“கேக்காமத்தான் எடுத்தே. போகட்டும். செத்துப் பொழச்சவளுக்கு முடி ஒரு கேடா? நாலு நாள் அழுதேன், தீந்துபோச்சு. அப்புறம் வளக்காததுக்குக் காரணம் கட வேல, ஈ, பால்வாடை. தெனம் முழங்கால் வரைக்கும் எவ வாரிக்கிட்டு இருப்பா?” கத்தியை நிறுத்தினாள். “அதுக்காக நான் ஊர விட்டுப் போகலக்கா.”

“அப்புறம் எதுக்கு?”

“உனக்கு நெஜமாவே தெரியாதா?”

தெரியாது என்று நிகானோராவின் முகம் சொன்னது.

“அந்தப் பெரிய வெள்ளி. நம்ம தெருமுனை. நிக்கவே தெம்பு இல்ல, ஆனாலும் பவனி பாக்கணும்னு தலையில துணியக் கட்டிக்கிட்டு வந்து சுவத்துல சாஞ்சு நின்னேன். எவனோ ஒரு பய பின்னாலேருந்து துணிய உருவிட்டான். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மாதா தலையில என் முடி. என் தலையில கோழிக்குஞ்சு மாதிரி. சில பேரு சிரிச்சாங்க, சில பேரு சிலுவ போட்டுக்கிட்டாங்க. ரெண்டுல எது மோசம்னு இன்னும் எனக்குத் தெரியல. நீ மாதா பக்கத்துல மெழுகுவத்தியப் பிடிச்சுக்கிட்டு வந்தே. என்னப் பாத்தே. நேராப் பாத்தே அக்கா. அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மாதாகூடப் போயிட்டே.”

நிகானோராவுக்கு ஞாபகம் வந்தது. மறந்திருந்தால்தானே வருவதற்கு. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. அதைத் தாண்டித் தாண்டித்தான் இத்தனை வருஷம் நடந்திருக்கிறாள். அன்றைக்கு எல்லோரும் மாதாவின் கூந்தலைப் பார்த்து வாய்பிளந்தார்கள். கொடுத்தவள் யார் என்று கேட்டு, அவளைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஊர் அவளைப் பார்த்தது. பவனியிலிருந்து பாதியில் விலகினால் பாவம் என்று அப்போது நினைத்ததும் உண்மைதான். அது மட்டும் உண்மை இல்லை.

“ஒரு எட்டு வந்து என் பக்கத்துல நின்னிருக்கலாம்” என்றாள் தொமிங்கா. அவள் குரலில் கோபம் இல்லாததுதான் தாங்க முடியாமல் இருந்தது. “வேற ஒண்ணும் வேண்டாம். நின்னிருந்தா, நான் இங்கயே எவனையாவது கட்டிக்கிட்டு, உங்கூடத் தெனம் சண்ட போட்டுக்கிட்டு, இதே எடத்துல உக்காந்து இதே கெழங்க உரிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.”

நிகானோரா கேட்டாள்: “மன்னிச்சுட்டியா?”

“எனக்கு வயசாயிடுச்சு. கோபத்தத் தூக்கிக்கிட்டு பஸ் ஏற முடியல. ஆனா மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்யாயிடும்.” உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். “போனதும் பாலாடைக்கட்டி அனுப்பறேன். நீ வெச்சிருக்கற பழைய கட்டிய அப்பத்துல போடாதே, புளிக்குது.”

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பரிசுத்த வாரத்தில் யாரும் இறைச்சி தின்னாததால் கடையில் பாலாடைக்கட்டி வியாபாரம் தலைக்கு மேல், மருமகள் ஒண்டியாகச் சமாளிக்க மாட்டாள் என்றாள். பஸ் வாசலில் நின்று, “அந்தப் பவனிய இன்னொரு தடவ என்னால பாக்க முடியாதுக்கா” என்றும் சொன்னாள். துணிச்சுருளை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. “இத வீட்டுல வெச்சா பேரப்புள்ளைங்க அலறும்” என்று சிரித்தாள். பஸ் போனபிறகு செம்மண் வெகு நேரம் அடங்கவில்லை.

*

சாயங்காலப் பவனிக்காக மத்தியானமே பின்னறைக் கதவைச் சாத்தினார்கள். நிகானோரா புதிய கூந்தலை மாதாவின் தலையில் பொருத்தினாள். எண்ணெய் தடவியும் அந்தக் கடைச் சோப்பின் பூமணம் போகவில்லை. சீப்பை வைத்தாள். சீப்பு இறங்கியது; பாதியில் அவள் கை நின்றது.

பக்கத்தில் ரோசெந்தா மாதாவின் கறுப்பு அங்கியை நீவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. மற்றப் பெண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரோசெந்தா, யோலா எங்க?”

“வீட்டுலதான் தாயி. பவனிக்கு வரமாட்டேன்னு அழிச்சாட்டியம். தம்பி உசுரவிட இவளுக்கு முடி பெருசாப் போச்சு. ஸ்கூல்ல பசங்க கேலி பண்றானுங்களாம். பண்ணிட்டுப் போறானுங்க, மாதாவுக்குக் குடுத்த தல.”

“அவகிட்டக் கேட்டியா? வெட்டறதுக்கு முன்னால?”

ரோசெந்தா விழித்தாள். “எதக் கேக்கணும்?”

வாழையிலைப் பொதியைக் கையில் வாங்கிய நாளில் நிகானோராவும் அதைக் கேட்கவில்லை. ஒரு முடியைத் திருப்பிக் கொடுப்பதற்காக இன்னொன்றை முத்தமிட்டு வாங்கியிருக்கிறாள். யோலாவின் முகம்கூட அவளுக்கு நினைவில் வரவில்லை. பூசையில் பின்னாலிருந்து பார்த்த பின்னல்தான் நினைவில் இருந்தது.

சீப்பைப் பர்பாராவின் கையில் வைத்தாள்.

“என்னடி இது? பாதி வாரியிருக்கு.”

“நீங்க முடிச்சிருங்க பெரியம்மா.”

“எங்க போறே? மாதா கெளம்பப் போறாங்க! மெழுகுவத்தி யாரு பிடிக்கறது?”

“ரோசெந்தா பிடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நிகானோரா கதவைத் திறந்து வெளியே வந்தாள். பவனிக்காகக் காத்திருந்த ஆண்கள் திகைத்து வழிவிட்டார்கள். வயலின்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலத்தெருவில் ஆளே இல்லை. ரோசெந்தாவின் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. நிகானோரா வாசலில் இருந்த மரக்கட்டைமேல் உட்கார்ந்தாள்.

“அம்மா இல்ல” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“தெரியும். உன்னப் பாக்கத்தான் வந்தேன்.”

“எதுக்கு? இன்னும் என்ன வேணும்? புருவத்தையும் எடுத்துக்கறீங்களா?”

நிகானோராவுக்குச் சிரிப்பு வந்தது. தொமிங்காவே பேசுவதுபோல இருந்தது. “ஒண்ணும் வேண்டாம். இங்க உக்காந்துக்கறேன். உக்காரலாமா?”

“வாசல் உங்களுதா என்னுதா? உக்காந்துட்டு அப்புறம் கேக்கறீங்க” என்றது குரல்.

“சரிதான். கேக்கறது எனக்குப் பழக்கமில்ல.”

கோயில் பக்கம் மரத்தட்டைகள் கடகடத்தன. பெரிய வெள்ளியன்று மணி அடிப்பதில்லை. பாட்டு கிளம்பியது. பவனி சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு மேலத்தெருவுக்குள் திரும்ப நேரம் ஆகும். நிகானோரா தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். மெல்லிய நரைமுடியில் காற்றுப் பட்டது.

“யோலா, நானும் வெட்டிக்கட்டுமா? நீ சொன்னா வெட்டிக்கறேன்.”

கதவு கொஞ்சம் திறந்தது. துணி கட்டிய தலை ஒன்று எட்டிப் பார்த்து, அவளுடைய தலையை மேலும் கீழும் ஆராய்ந்தது. “வேண்டாம்” என்றாள் யோலா. “இருக்கறதே பாக்க சகிக்கல.”

“சரி.”

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தாள். மரக்கட்டையில் இடம் இருந்தும் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். நிகானோராவும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றாள். தெருமுனையில் முதல் மெழுகுவர்த்திகள் தெரிந்தன. பின்னால் சப்பரத்தில் மாதா ஆடி ஆடி வந்தாள், தவிட்டு நிறக் கூந்தல் தோளில் அசைய. யோலாவின் கை தலைத்துணியின் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டது.

ஊர்வலத்தில் வந்தவர்கள் முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். பிறகு அவள் பக்கத்தில் தலைத்துணி இல்லாமல் நின்ற நிகானோராவைப் பார்த்தார்கள். ரோசெந்தா மெழுகுவர்த்தியோடு வந்தவள் மகளைக் கண்டதும் கண்ணால் மிரட்டினாள், முட்டி போடு என்று. யோலா போடவில்லை. பழக்கத்தில் நிகானோராவின் முழங்கால்கள் மடங்கப் பார்த்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

மாதா கடந்து போனாள். யாரும் சிரிக்கவில்லை. பாட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பியது. யோலா முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

இவ்வளவுதான். அன்றைக்கும் சுவரோரமாக, ஒரு பாட்டு கடந்து போகிற நேரம் மட்டும் நிற்க வேண்டியிருந்தது. நிகானோரா தெருவின் மறுகோடியைப் பார்த்தாள். இந்நேரம் பஸ் ஆற்றைத் தாண்டியிருக்கும். தொமிங்கா காலியான பாலாடைக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குலுக்கலுக்கு ஓட்டுநரை வைதுகொண்டு போய்க்கொண்டிருப்பாள்.